எல்லாம் இழந்தும் நம்பிக்கையை விடாத தேவசகாயம்

அரண்மனை உத்தியோகம், நிலபுலன், குடும்பப் பெருமை, ஊரில் மரியாதை என எல்லாம் இருந்தது அவருக்கு. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட ஏழு ஆண்டுகளுக்குள் அவை ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் விலங்கு பூட்டிய கைகால்களோடு ஒரு மலையடிவாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

அவர்தான் தேவசகாயம். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், மனைவியோடு குடும்பம் நடத்திய ஒரு சாதாரண விசுவாசியாக இருந்து, இந்தியாவிலிருந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் மனிதர். தேவசகாயம் என்ற பெயருடைய தாத்தாவோ மாமாவோ கிறிஸ்தவத் தமிழர்களின் பல குடும்பங்களில் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள வரலாறு எல்லாருக்கும் முழுமையாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கடவுளின் உதவி என்பதே அந்தப் பெயரின் பொருள். அப்படிப் பெயர் சூட்டிக்கொண்டவருக்கு எந்த வகையில் அந்த உதவி கிடைத்தது? துன்பத்தில் இறைவன் வழி நடத்துவார் என்று நம்புகிற யாரும் ஒருமுறையாவது எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது.

நட்டாலத்து நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்ற ஊரில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி கேரளத்தின் காயங்குளத்தைச் சேர்ந்தவர். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசை செய்துவந்தார். தாயார் தேவகி அம்மா. அந்தக் காலத்தில் அங்கிருந்த மருமக்கள்தாய முறைப்படி, நீலகண்டன் தாய்மாமன் வீட்டில் நாயர் குடும்பப் பிள்ளையாக வளர்ந்தார்.

அன்று அந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கிய மண் அது. நீலகண்டன் இரு மொழிகளோடு வடமொழியும் கற்றார். வர்மக் கலையும் ஆயுதப் பயிற்சியும் பெற்றார். பத்மநாபபுரத்தில் உள்ள நீலகண்டசுவாமி கோவிலில் அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார். அவருடைய திறமையைப் பார்த்து அரண்மனையிலும் பொறுப்புகள் தரப்பட்டன. மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. 1729 முதல் 1758 வரை ஆண்ட அவர், சிறிய நாடாக இருந்த வேணாட்டைப் பெரிய அரசாக விரித்தவர். அப்படிப்பட்ட மன்னரின் அரண்மனையில் உத்தியோகம் என்றால் வாழ்நாள் முழுவதற்கும் கவலையில்லை என்றே ஊரார் நினைத்திருப்பார்கள்.

போர்க் கைதி சொன்ன கதை

1741ஆம் ஆண்டு குளச்சல் கடற்கரையில் நடந்த போரில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்தாக்கியுஸ் டிலனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. ஐரோப்பியப் போர்முறையைத் தம் படைக்குக் கற்றுத்தரச் சொன்னார். டிலனாய் ஒப்புக்கொண்டார். பின்னாளில் திருவிதாங்கூர் படையின் தளபதியாக உயர்ந்து, உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தி, 1777ஆம் ஆண்டு அங்கேயே இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

அரண்மனைப் பணியில் நீலகண்டனுக்கும் டிலனாய்க்கும் பழக்கம் ஏற்பட்டு நட்பாக வளர்ந்தது. டிலனாய் கத்தோலிக்கர். சொந்த நாட்டையும் உறவையும் விட்டு, தோற்ற படையின் கைதியாக வந்து, தெரியாத ஊரில் வாழ்க்கையைத் தொடங்கியவர். நீலகண்டனைவிட மூன்று வயது இளையவர்.

அந்தக் காலத்தில் நீலகண்டனின் வீட்டில் அடுத்தடுத்துச் சோதனைகள். கால்நடைகள் மாண்டன. பயிர்கள் பொய்த்தன. சொத்து கரைந்தது. என்ன செய்தும் நிலைமை சீராகவில்லை. முகம் வாடிய நண்பரிடம் டிலனாய் காரணம் கேட்டார். கேட்டபின் அவருக்குச் சொன்னது விவிலியத்தில் வரும் யோபுவின் கதை.

யோபு நேர்மையான மனிதர். ஆடுமாடுகள், பிள்ளைகள், உடல் நலம் எல்லாவற்றையும் இழந்தவர். நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்று வாதாடினார்கள். யோபு அதை ஏற்கவில்லை. இறைவனிடம் அழுதார், கேள்வி கேட்டார், வழக்காடினார். ஆனால் இறைவனை விட்டுப் போகவில்லை.

நீலகண்டனின் மனத்தைத் தொட்டது அந்தக் கதைதான் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் எல்லாம் சொல்கின்றன. இழப்பு வந்தால் அது தெய்வ குற்றம், கிரக தோஷம், யாரோ வைத்த கண் என்று காரணம் தேடுவது மனித இயல்பு. யோபுவின் கதை காரணம் சொல்லவில்லை. குற்றம் செய்யாதவனுக்கும் துன்பம் வரும், அந்தத் துன்பத்தின் நடுவிலும் இறைவன் அவனைக் கைவிடுவதில்லை என்று மட்டுமே சொன்னது. நீலகண்டனுக்கு அது போதுமாக இருந்தது.

லெம்பா பெர்த்தாம் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலையில், கனமழைக்குப் பின் சுல்தான் அபு பாக்கார் அணைக்கட்டு திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் ஆறு கரை மீறி வீடுகளுக்குள் பாய்ந்தது. உயிர்கள் போயின. வீடும் வாகனமும் சேர்த்துவைத்ததும் சேற்றோடு போயின. அடுத்த ஆண்டு நவம்பரிலும் சேற்று வெள்ளம் அந்த வட்டாரத்தைத் தாக்கியது. அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு, ஏன் எங்களுக்கு என்ற கேள்வி எழாத வீடு இருக்காது. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் கேட்கப்படும் அந்தக் கேள்விதான் ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன் நட்டாலத்தில் நீலகண்டனின் வீட்டிலும் கேட்கப்பட்டது.

வடக்கன்குளத்தில் புதுப் பெயர்

யோபுவின் கதையோடு நீலகண்டன் நிற்கவில்லை. தொடர்ந்து டிலனாயிடம் கேட்டார், கற்றார். கடைசியில் திருமுழுக்குப் பெற விரும்பினார். அரண்மனை அதிகாரி ஒருவர், அதுவும் உயர்ந்த சாதியாகக் கருதப்பட்ட குடும்பத்தவர், கிறிஸ்தவராவது அந்தக் காலத்தில் எளிய செயல் அல்ல. திருவிதாங்கூர் எல்லைக்குள் அதைச் செய்வது ஆபத்து.

எனவே டிலனாய் ஒரு கடிதம் கொடுத்து அவரை எல்லைக்கு அப்பால், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே இயேசு சபைக் குரு ஜொவான்னி பத்தீஸ்தா புத்தாரி பணியாற்றி வந்தார். மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று தமிழ்ப் பெயரிட்டு அழைத்தனர். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி அவருடைய கையால் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். சூட்டப்பட்ட பெயர் லாசர். எபிரேய மூலத்தில் அதன் பொருள் கடவுள் உதவினார் என்பது. அதைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று அழைத்தார்கள்.

பின்னர் மனைவி பார்கவியும் அதே வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு ஞானப்பூ என்று பெயர் சூட்டப்பட்டது. கணவர் தேர்ந்தெடுத்த வழியில் ஞானப்பூவும் நடந்தார் என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எளிது. ஆனால் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒருசேர முகம் திருப்பிக்கொண்ட நிலையில் அவர் எடுத்த முடிவும் சிறியதல்ல. தேவசகாயத்தின் வரலாற்றில் ஞானப்பூவுக்கும் பங்கு உண்டு.

சேர்ந்து உட்கார்ந்த குற்றம்

திருமுழுக்குக்குப் பிறகும் தேவசகாயம் அரண்மனைப் பணியில் தொடர்ந்தார். ஆனால் அவருடைய நடை மாறியிருந்தது. எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்றால் அவர்களுக்குள் மேல் என்ன, கீழ் என்ன என்று கேட்டார். அதோடு நிற்காமல், தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார், உண்டார், பழகினார். தம் விசுவாசத்தைப் பிறருக்கும் எடுத்துச் சொன்னார்.

அன்றைய திருவிதாங்கூரில் யார் யாருக்கு எத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. சில சாதியார் நடக்கக்கூடாத தெருக்கள் இருந்தன. அப்படிப்பட்ட நாட்டில் அரண்மனை அதிகாரி ஒருவர் எல்லாரோடும் சமமாக உண்பது, கோவிலை மாற்றிக்கொண்டதைவிடப் பெரிய குற்றமாகப் பட்டது. தேவசகாயம் நினைத்திருந்தால் விசுவாசத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு உத்தியோகத்தைக் காப்பாற்றியிருக்கலாம். டிலனாயே கத்தோலிக்கராக இருந்தபடி படையில் உயர் பதவி வகித்துவந்தார். ஆனால் இறைவன் தம்மை நடத்திச் செல்லும் வழி ஒதுக்கப்பட்டவர்களின் வாசல் வழியாகத்தான் போகிறது என்று தேவசகாயம் கண்டுகொண்டார். பின்வாங்கவில்லை.

அரண்மனையில் செல்வாக்கு மிக்கவர்கள் அவர்மீது குற்றங்களை அடுக்கினார்கள். மேற்குலத்தாரை அவமதித்தார், அரசாங்க இரகசியங்களை எதிரிகளுக்கும் ஐரோப்பியருக்கும் சொன்னார், நாட்டுக்குத் துரோகம் செய்தார் என்று புகார்கள் மன்னரிடம் போயின. 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி தேவசகாயம் கைது செய்யப்பட்டார்.

மன்னிப்புக் கேட்டுப் பழைய நிலைக்குத் திரும்பினால் பதவியும் மரியாதையும் மீண்டும் கிடைக்கும் என்ற வாய்ப்பு அவர்முன் இருந்தது. அவர் அதை ஏற்கவில்லை.

எருமைமேல் ஊர்வலம்

பிறகு நடந்தவை வாசிக்கவே கடினமானவை. கைகளைப் பின்னால் கட்டி, எருமையின்மேல் பின்னோக்கி உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். நேற்றுவரை அரண்மனை அதிகாரியாக வணங்கியவர்கள் முன்னால் அவரைக் கேலிப் பொருளாக்குவதே நோக்கம். உள்ளங்காலில் பிரம்படி. அடிபட்ட காயங்களில் மிளகாய்த் தூள். கொளுத்தும் வெயிலில் நிற்கவைத்தார்கள். தாகத்துக்குக் கிடைத்தது அழுக்குத் தண்ணீர்.

புலியூர்க்குறிச்சி என்ற இடத்தில் தாகத்தால் தவித்த அவர், பாறையில் முழங்கையால் இடிக்க அதிலிருந்து நீர் சுரந்தது என்பது மக்கள் வழக்கு. முட்டிடிச்சான் பாறை என்று அந்தப் பாறைக்குப் பெயர். இன்றும் மக்கள் அந்த நீரை எடுத்துச் செல்கிறார்கள்.

அங்கிருந்து பெருவிளைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பல மாதங்கள் வேப்பமரம் ஒன்றில் கட்டிவைக்கப்பட்டிருந்தார். மழையும் வெயிலும் அந்த மரத்தடியிலேயே. ஆனால் தண்டிப்பவர்கள் எதிர்பாராத ஒன்று அங்கே நடந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நின்று பேசத் தொடங்கினார்கள். துன்பத்தில் இருந்தவர்கள் அவரிடம் வந்து தங்கள் துன்பத்தைச் சொன்னார்கள். கட்டப்பட்டிருந்தவர் மற்றவர்களுக்காகச் செபித்தார். காவலர்களில் சிலரின் கையும் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

தேவசகாயத்துக்குக் கிடைத்த உதவி இந்த வடிவில்தான் வந்தது. கட்டு அவிழவில்லை. சிறைக் கதவு திறக்கவில்லை. ஆனால் மனிதர்கள் வந்தார்கள். நண்பர் டிலனாய் அவரை மறக்கவில்லை. குருக்கள் இரகசியமாக வந்து நற்கருணை வழங்கினார்கள். பெயர் தெரியாத ஊர் மக்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். தனியாக விடப்பட்டவர் என்று அரசாங்கம் நினைத்த மனிதர், கட்டப்பட்டிருந்த இடத்திலேயே பலருக்கு ஆறுதலாக இருந்தார்.

ஆரல்வாய்மொழிக் காடு

கூட்டம் கூடக்கூட அதிகாரிகளின் கவலையும் கூடியது. கடைசியில் நாட்டின் எல்லையில் உள்ள ஆரல்வாய்மொழிக்கு அவரை அனுப்பினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள கணவாய் அது. காற்று ஓயாமல் வீசும் இடம். இன்று அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அன்று அடர்ந்த காடு. விலங்குகளே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டதாகவே எண்ணினார்கள்.

மலைக் காட்டில் இருட்டியபின் வரும் குளிரும் தனிமையும் எப்படிப்பட்டவை என்று மலைத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். விலங்கு பூட்டிய கைகால்களோடு தேவசகாயம் அங்கே செபத்தில் நாட்களைக் கழித்தார். ஆனால் அங்கும் மக்கள் வந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து அவரைப் பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஞானப்பூவும் அங்கே வந்து கணவரைச் சந்தித்தார் என்பது மரபு.

இனி அவரை உயிரோடு விடுவதில்லை என்று முடிவானது. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, காற்றாடிமலை என்று அழைக்கப்படும் குன்றுக்கு வீரர்கள் அவரை இழுத்துச் சென்றார்கள். செபிப்பதற்குச் சிறிது நேரம் கேட்டு முழந்தாளிட்டார். பிறகு துப்பாக்கிகள் முழங்கின. உடலை மலையடிவாரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர் விழுந்த நேரத்தில் உருண்டு விழுந்த பாறை ஒன்று மணிபோல் ஒலித்தது என்று சொல்வார்கள். மணியடிச்சான் பாறை என்று பெயர் பெற்ற அதைக் கல்லால் தட்டி ஒலி கேட்பது அங்கு செல்வோரின் வழக்கம்.

சில நாட்களுக்குப் பின் மக்கள் அவருடைய எலும்புகளைத் தேடி எடுத்து, நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில், பீடத்துக்கு முன்பாக அடக்கம் செய்தார்கள். மலாக்காவில் பணியாற்றி, மரணத்துக்குப் பின் சில மாதங்கள் மலாக்கா குன்றின் ஆலயத்தில் உடல் வைக்கப்பட்டிருந்த அதே புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரைத் தாங்கிய ஆலயம் அது. ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் தங்கி, அங்கேயே வாழ்ந்து மறைந்தார்.

கணக்குப் பார்த்தால் தேவசகாயம் கிறிஸ்தவராக வாழ்ந்தது ஆறு ஆண்டு எட்டு மாதம். அதில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கோடு.

இரு வகைப் பார்வை

தேவசகாயம் எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒரே கருத்து இல்லை. மார்த்தாண்ட வர்மா மதத்துக்காக யாரையும் கொல்லவில்லை, டிலனாய் போன்ற கிறிஸ்தவர் அவருடைய படையிலேயே உயர்பதவியில் இருந்தார், எனவே அரசாங்கத்துக்கு எதிரான குற்றமே காரணம் என்று சிலர் வாதிடுகிறார்கள்.

திருச்சபையின் பார்வை வேறு. கொச்சி ஆயர் 1756ஆம் ஆண்டிலேயே, அதாவது மரணம் நடந்து நான்கு ஆண்டுகளில், இவரைப் பற்றி ரோமாபுரிக்கு அறிக்கை அனுப்பினார். விசுவாசத்தின் காரணமாகவே அவர் கொல்லப்பட்டார் என்பதே பின்னர் நடந்த நீண்ட விசாரணையின் முடிவு.

இரண்டு பார்வைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படும். டிலனாய் வெளிநாட்டவர், அவருடைய மதம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. தேவசகாயம் உள்ளூர்க்காரர்; உயர்ந்த இடத்தில் பிறந்து கீழே இறங்கி உட்கார்ந்தவர். அது சமுதாயத்தின் கட்டையே அசைத்தது. அரசத் துரோகம் என்ற பெயரும் சமய மாற்றம் என்ற பெயரும் அந்த ஒரே அச்சத்திலிருந்து பிறந்திருக்கலாம்.

சுவர் இடிந்தது, பெயரும் சுருங்கியது

தேவசகாயத்தின் வாழ்வு விட்டுச்சென்ற பாடத்தைத் திருச்சபை உடனே கற்றுக்கொண்டதா என்றால் இல்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயத்திலேயே சாதிவாரியாக மக்கள் பிரிந்து நிற்கத் தடுப்புச் சுவர் இருந்தது. ஒரே பீடம், ஆனால் நிற்கும் இடம் வேறு வேறு. நீண்ட பூசலுக்குப் பிறகு, 1910ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எல்லாரோடும் சேர்ந்து உண்டதற்காகப் பாடுபட்டவரின் ஞான ஊரில், அவர் இறந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் மக்களால் சேர்ந்து நிற்க முடியவில்லை.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அன்று அவருடைய பெயர் சாதிப் பட்டத்தோடு தேவசகாயம் பிள்ளை என்றே குறிப்பிடப்பட்டது. சாதி வேற்றுமையை எதிர்த்தவரின் பெயரோடு சாதிப் பெயரை ஒட்டிவைப்பது முறையா என்று பலர் கேள்வி எழுப்பினார்கள். வத்திக்கான் அதை ஏற்றுப் பிள்ளை என்ற பகுதியை நீக்கியது.

2022ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வாசிக்கப்பட்ட பெயர் தேவசகாயம் மட்டுமே. தமிழ்நாடு அரசின் சார்பில் அமைச்சர்களும் அந்த விழாவில் கலந்துகொண்டனர். அவர் திருமுழுக்குப் பெற்று அன்றோடு 277 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன.

இந்த விஷயம் தமிழ்நாட்டோடு முடிவதில்லை. கப்பல் ஏறி மலாயா வந்த தமிழர்கள் பெட்டி படுக்கையோடு சாதியையும் கொண்டுவந்தார்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, ஒரே மலைச்சரிவில் கொழுந்து பறித்தாலும், கல்யாணப் பேச்சு என்று வரும்போது பழைய கேள்வி தலை தூக்குவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கின்றன. தேவசகாயத்தைப் போற்றுகிற வீட்டில் அந்தக் கேள்விக்கு இடமிருக்கக் கூடாது.

யோபுவுக்குத் திரும்பக் கிடைத்தது, இவருக்கு?

டிலனாய் சொன்ன யோபுவின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. கடைசியில் யோபுவின் உடல் தேறியது. இழந்த சொத்து இரு மடங்காகத் திரும்பியது. பிள்ளைகள் பிறந்தார்கள். நிறைந்த வயதுவரை வாழ்ந்தார்.

அந்தக் கதையைக் கேட்டு இறைவனிடம் வந்த தேவசகாயத்துக்கு அப்படி எதுவும் திரும்பவில்லை. கால்நடையும் பயிரும் போனபோது வந்தவர், பிறகு உத்தியோகத்தையும் ஊரையும் வீட்டையும் உயிரையும் இழந்தார். நம்பினால் நட்டம் ஈடாகும் என்று எண்ணி வந்திருந்தால், முதல் பிரம்படியிலேயே திரும்பிப் போயிருப்பார். மூன்று ஆண்டுகள் தாக்குப் பிடித்திருக்க முடியாது.

செபித்தால் கடன் தீரும், வியாபாரம் பெருகும், நோய் உடனே நீங்கும் என்று வாக்களிக்கும் குரல்கள் இன்று மலேசியாவிலும் நிறையக் கேட்கின்றன. செபம் கேட்கப்படுவதில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டது கிடைக்காதபோது, உன் விசுவாசம் போதவில்லை என்று துன்பப்படுபவரையே குற்றவாளி ஆக்குவது, யோபுவின் நண்பர்கள் செய்த அதே தவறு. தேவசகாயத்தின் விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இறைவனின் வழிநடத்துதல் என்பது துன்பத்தைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குப் பாதை அல்ல என்பதே அவருடைய வாழ்க்கை காட்டுவது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்தது. முதலில் நண்பரின் சொல், பிறகு வடக்கன்குளம், பிறகு ஒதுக்கப்பட்டவர்களின் பந்தி, பிறகு பெருவிளை வேப்பமரம், பிறகு காற்றாடிமலை. ஒவ்வோர் இடத்திலும் அவருக்குத் திரும்பிப் போகும் வழி திறந்தே இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் அவர் தங்கினார்.

ஆனால் துன்பத்தைத் தேடிப் போக வேண்டும் என்றோ, அநியாயத்தை வாய்மூடித் தாங்க வேண்டும் என்றோ இதற்குப் பொருள் இல்லை. தேவசகாயம் அநியாயத்துக்குப் பணிந்தவர் அல்ல. பணிய மறுத்ததால்தான் தண்டிக்கப்பட்டார். அதுபோலவே, ஒருவர் துன்பத்தில் இருக்கும்போது இறைவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு நகர்வதும் சரியல்ல. தேவசகாயத்துக்கு இறைவன் அனுப்பிய உதவி மனித உருவில் வந்தது. வெள்ளத்தின் மறுநாள் சேற்றை அள்ள மண்வெட்டியோடு வருகிறவரும், மருத்துவமனை வராந்தாவில் கூட உட்கார்ந்திருப்பவரும், வேலை போன வீட்டுக்கு அரிசி கொண்டுவருகிறவரும் அந்த உதவியின் கைகளே.

ஜனவரி 14ஆம் தேதி புனித தேவசகாயத்தின் திருநாள். பொங்கலை ஒட்டி வருவதால் தமிழர்களுக்கு மறக்காத நாள். தமிழகப் பயணம் செல்லும் மலேசியத் தமிழர்கள் கன்னியாகுமரிவரை போய்த் திரும்புவது வழக்கம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் உள்ள ஆரல்வாய்மொழியில் இறங்கினால் காற்றாடிமலைக்குப் போய்வரலாம். கோட்டாறு ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. நட்டாலம், புலியூர்க்குறிச்சி, பெருவிளை எல்லாம் அதே மாவட்டத்தில்தான் உள்ளன. சமய வேறுபாடு பார்க்காமல் எல்லாரும் அங்கே வந்துபோகிறார்கள்.